எல்லோரும் வைக்காத பேர் வேண்டும், ஆனால் வாயில் நுழையவும் வேண்டும்

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். முதல் குழந்தை, பெண் பிள்ளை, மகம் நட்சத்திரம். இருபத்தெட்டாம் நாள் அரைஞாண் கட்டும் சடங்கான இருபத்தெட்டு கெட்டு வருவதற்குள் பேர் முடிவாக வேண்டும். மனைவி படித்த வகுப்பில் மூன்று ஷைனி இருந்தார்களாம். அதில் ஒருத்தியாகவே பள்ளிக்காலம் முழுக்கக் கழிந்தது அவருக்கு இன்னும் மனசில் கிடக்கிறது. அதனால் எல்லோரும் வைக்கிற பேர் வேண்டாம். கூப்பிட நாக்கு வழங்காத பேரும் வேண்டாம். அம்மா சொல்லும் எழுத்தையும் விட முடியாது. தம்பிக்கு வேலை மஸ்கட்டில், பிறகு குடும்பத்தையும் அழைத்துப்போகும் எண்ணம் உண்டு. நான் விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பள்ளிகளில் தமிழாசிரியராக இருந்தவன். தினமும் வருகைப் பதிவேடு வாசித்ததில் நம் கன்னியாகுமரி மாவட்டத்துப் பெண் பிள்ளைகளின் பேர் எப்படி மாறிக்கொண்டு வந்தது என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதை வைத்துச் சொல்கிறேன்.

தம்பி, முதலில் ஒன்றைக் கவனியுங்கள். ஒரு பேர் பொதுவாகிவிட்டது என்று காதுக்குத் தோன்றுவது பெரும்பாலும் அதன் கடைசி எழுத்தால்தான். நம் பாட்டிமார் காலத்தில் இங்கே 'பாய்' என்று முடியும் பேர்கள் எத்தனை! தங்கபாய், ரோஸ்பாய், லீலாபாய், செல்லபாய், கமலாபாய். கௌரி லட்சுமி பாய், கௌரி பார்வதி பாய், சேது லட்சுமி பாய் என்று திருவிதாங்கூரை ஆண்ட ராணிகளின் பேரில் இருந்த அதே பாய்தான். 1956 நவம்பர் 1 வரை நாமும் அந்தப் பக்கம்தானே. மதுரையிலோ தஞ்சாவூரிலோ இந்த வால் அவ்வளவாகக் கேட்காது. அதற்கு அடுத்த தலைமுறையில் பிந்து, சிந்து, பீனா, ஷீபா, ஷைனி. அதற்குப் பிறகு வந்ததுதான் பெரிய அலை. அப்பா பேரில் ஓர் எழுத்து, அம்மா பேரில் ஓர் எழுத்து எடுத்துக் கோர்த்து, கடைசியில் 'ஷா' அல்லது 'லின்' வைத்துப் புதிதாக உண்டாக்கிய பேர்கள்: அபிஷா, அஜிஷா, ஜெனிஷா, பெனிஷா, ஜெஸ்லின், ஆஷ்லின், ஷெர்லின்.

இதில் ஒவ்வொரு தாய் தகப்பனும் "இந்தப் பேர் உலகத்திலேயே வேறு யாருக்கும் கிடையாது" என்று நம்பித்தான் வைத்தார்கள். எழுத்துக்கு எழுத்து பார்த்தால் பலருக்கு அது உண்மையும்கூட. ஆனால் வகுப்பில் என்ன நடந்தது? நான் "அஜிஷா" என்று வாசித்தால் மழை சத்தத்தில் அபிஷாவும் அனிஷாவும் சேர்ந்து எழுந்து நிற்பார்கள். விடைத்தாள் திருப்பிக் கொடுக்கும்போது இன்னும் குழப்பம். ஒருத்தியின் மதிப்பெண் இன்னொருத்தி கைக்குப் போகும். மூன்றும் வேறு வேறு பேர், கேட்பதற்கு மட்டும் ஒன்று. புதிதாகக் கண்டுபிடித்த பேர் தனியாக நிற்கும் என்று எண்ணாதீர்கள். எல்லோரும் ஒரே அச்சில்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

இப்போது நடப்பது வேறு அலை. யாழினி, மகிழினி, தமிழினி, இனியா, நிலா, ஆதிரா ஒரு பக்கம். ரித்திகா, தன்விகா, தன்ஷிகா, அனன்யா இன்னொரு பக்கம். முதல் வரிசையில் இருப்பவை எனக்கு மிகவும் பிடித்த பேர்கள். தமிழ்ப் பேர் வைக்க வேண்டும் என்று இளம் பெற்றோர் நினைப்பதைப் பார்க்கும்போது உள்ளபடியே சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் உங்கள் கேள்வி அதுவல்ல. நாலைந்து வருஷத்தில் உங்கள் பிள்ளை எல்.கே.ஜி.யில் உட்காரும்போது பக்கத்தில் இரண்டு 'னி'யும் மூன்று 'கா'வும் இருக்கும். ஆகவே பேர் தேடுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் தெருவில், சொந்தத்தில், கடந்த நாலைந்து வருஷத்தில் பிறந்த பெண் பிள்ளைகளின் பேர்களை ஒரு தாளில் எழுதி, கடைசி எழுத்துக்களை மட்டும் பாருங்கள். அதில் அதிகம் வருகிற முடிவை விட்டுவிட்டாலே பாதித் தேடல் முடிந்தது.

அம்மா சொல்லும் எழுத்துக்கு வருகிறேன். மகத்துக்கு ம, மி, மு, மே. இந்த எழுத்தால் ஒரு தொல்லை உண்டு. எழுத்தைக் கையில் வைத்துக்கொண்டு எல்லோரும் ஒரே இடத்தில்தான் தேடுகிறார்கள். 'ம'வில் பெண் குழந்தைப் பேர் என்று செல்போனில் தட்டினால் மித்ரா, மதுமிதா, மோனிஷா, மேக்னா, மகிழினி என்று எல்லோருக்கும் அதே பட்டியல் வருகிறது. மகத்தில் பிறந்த பிள்ளைகள் எல்லாம் அந்தப் பட்டியலின் முதல் பக்கத்திலேயே அடங்கிவிடுகிறார்கள். இதற்காக அம்மாவோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். எழுத்தை வைத்துக்கொள்ளுங்கள், பட்டியலை விட்டுவிடுங்கள். மகம் உண்மையில் நல்ல நட்சத்திரம். திருவாதிரைக்காரர்களுக்கு 'ங' எல்லாம் சொல்வார்கள், அதில் தமிழில் என்ன பேர் வைப்பது? 'ம'வில் தமிழ் கொட்டிக் கிடக்கிறது. ஒருவேளை உங்களுக்குப் பிடித்த பேர் வேறு எழுத்தில் வந்தால், ஜாதகத்துக்கு ஒரு பேரைக் காதில் சொல்லிவிட்டு, பதிவில் மற்றதை வைக்கிற வழக்கமும் இங்கே பல வீடுகளில் உண்டு.

சரி, எங்கே தேடுவது? முதலில் உங்கள் வீட்டில். பாட்டியின் பேரும் பாட்டியின் அம்மா பேரும் என்னவென்று கேளுங்கள். அம்மாவின் தலைமுறைப் பேர் பழசாகத் தெரியும், அதற்கும் இரண்டு தலைமுறை முன்னால் போனால் அது மறுபடி புதுசாகக் கேட்கும். இசக்கியம்மாள், பேச்சியம்மாள், உலகம்மாள், செண்பகவல்லி, நாஞ்சில் நாட்டுப் பக்கம் தாணம்மாள் என்று எத்தனை இருக்கின்றன. தாணம்மாள் சுசீந்திரம் தாணுமாலயன் பேர். தமிழ்நாட்டில் வேறு எந்த மூலையில் போய்ச் சொன்னாலும் 'நாகர்கோவில் பக்கமா?' என்று கேட்பார்கள். 'அம்மாள்' இன்றைய பிள்ளைக்குக் கனமாகத் தோன்றினால் அதை எடுத்துவிடலாம். செண்பகவல்லி வேண்டாம், செண்பகம் போதும். உலகம்மாள் வேண்டாமென்றால் 'உலகு' என்றுகூட வைக்கலாம், எனக்கு அது அழகாகத்தான் படுகிறது. பாட்டி பேரை வைப்பதில் இன்னொரு லாபம்: யார் எதற்கு இந்தப் பேர் என்று கேட்டாலும் பிள்ளையிடம் சொல்ல ஒரு பதில் இருக்கும்.

அடுத்து நம் மண். இதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை யாரும் தேடுவதே இல்லை. ஒவ்வொரு வருஷமும் நவராத்திரிக்குப் பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து மூன்று தெய்வங்கள் திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமாகப் போகின்றன: தேவாரக்கட்டு சரஸ்வதி, வேளிமலை குமாரசுவாமி, சுசீந்திரத்து முன்னுதித்த நங்கை. தக்கலை, மார்த்தாண்டம், குழித்துறை வழியாகத்தான் போகும். நீங்களும் சின்ன வயசில் சாலையோரம் நின்று பார்த்திருப்பீர்கள். அந்த 'நங்கை'யை ஏன் ஒருவரும் பிள்ளைக்கு வைப்பதில்லை? நம்மாழ்வாரின் தாயார் உடையநங்கை. அவர் பிறந்த ஊர் நாகர்கோவிலுக்குப் பக்கத்துத் திருப்பதிசாரம், பழைய பேரில் திருவண்பரிசாரம். அப்படிப் பார்த்தால் நங்கை என்பது இந்த மாவட்டத்துக்கே உரிமையான பேர். இரண்டே அசை. மலையாளிக்கும் வாயில் வரும், அரபிக்கும் வரும். கடைசி எழுத்து 'ஐ'. உங்கள் தாளில் அந்த முடிவு ஒன்றோ இரண்டோ இருந்தால் அதிகம்.

வேளிமலை என்றதும் வள்ளி ஞாபகத்துக்கு வருகிறாள். முருகன் வள்ளியைக் கைப்பிடித்தது இந்த மலையில்தான் என்பது நம் ஊர் நம்பிக்கை. குமாரகோவிலில் பங்குனித் திருக்கல்யாணமும் குறவர் படுகளமும் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வள்ளி பழைய பேராயிற்றே என்பீர்கள். இப்போது பிறந்த பிள்ளைகளில் ஒரு வள்ளியைக் காட்டுங்கள் பார்க்கலாம். சுசீந்திரத்தில் அறம்வளர்த்த அம்மன் இருக்கிறாள். முழுப் பேரும் நீளம்தான், ஆனால் அதிலிருந்து 'அறம்' என்று தொடங்கும் பேர் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அய்யா வைகுண்டரை வழிபடும் அய்யாவழிக்காரர்கள் தங்களை அன்புக்கொடி மக்கள் என்பார்கள். அன்புக்கொடி ஒரு பெண் பிள்ளைக்கு எவ்வளவு நல்ல பேர்! 'குமரி' என்ற பேரையே எடுத்துக்கொள்ளுங்கள். மாவட்டத்துக்கே அந்தப் பேர்தான், பிள்ளைக்கு வைத்தவர்களை நான் பார்த்தது மிகக் குறைவு. அகஸ்தீஸ்வரத்துக்காரரான குமரி அனந்தன் 1961-ல் தன் மகளுக்குத் தமிழிசை என்று பேர் வைத்தார். அந்தக் காலத்தில் யாரும் கேட்டிராத பேர். ஆனால் இரண்டு சொல்லும் எல்லோருக்கும் தெரிந்தவை, அதனால் ஒருவருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நான் உங்களுக்குத் தேடச் சொல்வது இந்த மாதிரிப் பேரைத்தான்.

மூன்றாவது இடம் பழைய நூல்கள். இங்கேதான் ஆசையில் அவசரப்பட்டுவிடக் கூடாது. என்னிடம் யோசனை கேட்டு வருகிற பெற்றோர் சங்கப் புலவர் பேர் வேண்டுமென்பார்கள். நன்முல்லையார், இளவெயினியார், நக்கண்ணையார், மாசாத்தியார், பொன்முடியார், நச்செள்ளையார், நப்பசலையார் என்று வரிசையாக இருக்கிறார்கள். நன்முல்லை, இளவெயினி இரண்டும் கண்ணை மூடிக்கொண்டு வைக்கலாம். பொன்முடி என்றால் நம் பக்கத்தில் எல்லோருக்கும் நெடுமங்காட்டுக்கு மேலே இருக்கிற மலைதான் நினைவுக்கு வரும், சுற்றுலா போன கதையை ஆரம்பித்துவிடுவார்கள். நப்பசலையில் இருக்கிற பசலை பிரிவில் வருகிற வாட்டம், பிறந்த பிள்ளைக்கு எதற்கு? ஆதிமந்தியின் கதை மனதை உருக்குவது. காவிரி கொண்டுபோன ஆட்டனத்தியைத் தேடி அலைந்தவள் அவள். ஆனால் 'மந்தி' என்ற பாதியைப் பிடித்துக்கொண்டு வகுப்பில் பையன்கள் அவளை அழ வைத்துவிடுவார்கள்.

உங்கள் 'ம'வுக்கே ஓர் உதாரணம். அதே கதையில் ஆட்டனத்தியைக் காட்டிக்கொடுத்துவிட்டுத் தான் கடலில் புகுந்தவள் மருதி. பரணர் அகநானூற்றில் பாடியிருக்கிறார். பேரும் கதையும் அருமை, மருத்துவாழ்மலை இருக்கும் மாவட்டத்துக்குப் பொருந்தவும் செய்கிறது. ஆனால் ஆங்கிலத்தில் எழுதியவுடன் எல்லோரும் காரின் பேராக வாசிப்பார்கள். கண்ணகிக்கு மதுரையில் அடைக்கலம் தந்த இடையர் குலத்து மாதரி இன்னொருத்தி. எனக்கு மிகப் பிடித்த பாத்திரம். பேரை வேகமாகச் சொன்னால் 'மாதிரி' ஆகிவிடுகிறதா இல்லையா என்று நீங்களே சொல்லிப் பாருங்கள். அவள் மகள் பேர் ஐயை, இரண்டெழுத்து. கண்ணகியின் தோழி தேவந்தி. இந்த இரண்டும் இன்னும் யார் கையிலும் படாமல் இருக்கின்றன.

பூப்பேர் வேண்டுமென்றால் கபிலரின் குறிஞ்சிப்பாட்டைத் திறந்தால் போதும், ஒரே மூச்சில் 99 பூ வருகிறது. காந்தள், குவளை, ஆம்பல், செருந்தி, அதிரல், வானி, பயினி, வகுளம், ஞாழல். 'ம'வில் மௌவலும் மணிச்சிகையும் இருக்கின்றன. தோவாளைச் சந்தையில் காலையில் போய் நின்றால் வேறொரு பட்டியல் கிடைக்கும்: பிச்சி, கொழுந்து, சம்பங்கி, அரளி. பிச்சிப்பூவின் வாசனைக்கு ஈடு கிடையாது, ஆனாலும் தனியாகப் 'பிச்சி' என்றால் பைத்தியக்காரி என்ற பொருளும் இருப்பதால் அதைத் தவிர்த்துவிடுங்கள். மரிக்கொழுந்து வைக்கலாம். வீட்டில் கொழுந்து என்று கூப்பிடலாம்.

கிறிஸ்தவக் குடும்பங்கள் கேட்டால் அவர்களுக்கும் இதையேதான் சொல்வேன். தேவசகாயம் பிள்ளையின் மனைவி பார்கவி, திருமுழுக்குக்குப் பிறகு ஞானப்பூ ஆனார். நட்டாலத்து தேவசகாயத்துக்கு 2022 மே 15-ல் புனிதர் பட்டம் கிடைத்தபோது ஊரே கொண்டாடியது. அவர் பேரை ஆண் பிள்ளைகளுக்கு வைக்கிறார்கள், ஞானப்பூவை மட்டும் ஒருவரும் நினைக்கவில்லை. விண்ணரசி, அமலி, அருள்மொழி, நவமணி, ஞானதீபம் என்று நம் கோயில் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளில் தூங்குகிற பேர்கள் ஒரு ஷெர்லினைவிட எவ்வளவோ தனித்து நிற்கும்.

பேர் நாலைந்து தேறியதும் அவற்றை வாயால் சோதியுங்கள். தாளில் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள். உங்கள் அம்மாவை அடுக்களையிலிருந்து வாசல் வரை கேட்கிற மாதிரி கூப்பிடச் சொல்லுங்கள். நம் ஊரில் எந்தப் பேரையும் முழுசாக யாரும் கூப்பிடப் போவதில்லை, சுருக்கித்தான் கூப்பிடுவார்கள். அந்தச் சுருக்கம் எப்படி வரும் என்று இப்போதே பார்த்துவிட வேண்டும். உங்கள் இனிஷியலைச் சேர்த்துத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிப் பாருங்கள். பக்கத்து வீட்டுச் சின்னப் பிள்ளைகளிடம் சொல்லி, அவர்கள் சிரிக்கிறார்களா என்றும் பாருங்கள். கேலிப்பேர் உண்டாக்குவதில் அவர்களை யாரும் மிஞ்ச முடியாது.

ஆங்கில எழுத்து விஷயம் உங்களுக்கு முக்கியம், வெளிநாட்டுக்குப் போகப்போகிற பிள்ளை. 'ழ' இருக்கிற பேரில் அதை எந்த எழுத்தால் எழுதுவது என்று வீட்டுக்குள்ளேயே இரண்டு கருத்து வரும். ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு விதம், ஆதாரில் ஒரு விதம், பள்ளியில் இன்னொரு விதம் என்று எழுதிவிட்டுப் பாஸ்போர்ட் எடுக்கும்போது அலைகிற குடும்பங்கள் நிறைய. 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அதற்குப் பின் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஆதார், ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். ஆகவே அதில் விழுகிற எழுத்துதான் கடைசி வரை. இன்னொன்று: பாஸ்போர்ட்டில் ஒற்றைச் சொல்லாக மட்டும் பேர் இருந்தால் விசிட் விசாவில் அனுமதி கிடையாது என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்து நம் ஆட்கள் பலர் விமான நிலையத்தில் தவித்தார்கள். கடைசிப் பக்கத்தில் அப்பா பேர் இருந்தால் ஏற்பார்கள் என்று பிறகு விளக்கம் வந்தது. ஓமான் வேறு நாடுதான், என்றாலும் வளைகுடா முழுக்கப் போய்வரும் பிள்ளை. இனிஷியல் ஓர் எழுத்தாக நிற்காமல் உங்கள் பேர் முழுதாக வரும்படி பாஸ்போர்ட்டில் போட்டுவிடுங்கள்.

இருபத்தெட்டுக்குள் முடிவாகவில்லை என்றால் பதற வேண்டாம். பிறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிட வேண்டும், அவ்வளவுதான். பேர் இல்லாமலே பதியலாம். பிறகு 12 மாதம் வரை கட்டணமில்லாமல் பேரைச் சேர்க்கலாம், அதற்கும் பிறகு 15 வருஷம் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். பதிவு நடப்பது குழந்தை பிறந்த இடத்தில். உங்கள் வீடு மார்த்தாண்டத்தில் இருந்தாலும் பிரசவம் நெய்யாற்றின்கரையிலோ திருவனந்தபுரத்திலோ நடந்திருந்தால் சான்றிதழ் கேரளத்திலிருந்துதான் வரும், பேர் சேர்ப்பதும் அங்கே உள்ள பதிவாளரிடம்தான். எல்லைக்கு அந்தப் பக்கம் பிரசவம் பார்க்கிற நம் ஆட்கள் பலர் இதைக் கடைசி நேரத்தில்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

உங்கள் பிள்ளைக்கு என்ன வைக்கலாம் என்று நேராகக் கேட்டதால் நேராகவே சொல்கிறேன். 'ம'வில்தான் வேண்டுமென்றால் மேகலை. மணிமேகலை என்று நீட்டாமல் மேகலை மட்டும். 'மே' வந்துவிட்டது, அம்மாவுக்கும் நிறைவு. அர்த்தம் கேட்டால் இடையில் அணிகிற அணி என்று சொல்லலாம். ஆங்கிலத்தில் நடுவில் g போடுவதா k போடுவதா என்பதை மட்டும் முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். அதைவிடத் தனியாக வேண்டுமென்றால் மௌவல். ஆனால் சொன்ன இடத்தில் எல்லாம் இன்னொரு தரம் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கும், அந்தப் பொறுமை அம்மாவுக்கும் மகளுக்கும் இருக்குமா என்று உங்கள் மனைவியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எழுத்தைக் காதோடு நிறுத்திக்கொள்ள அம்மா சம்மதித்தால் என் விருப்பம் நங்கைதான். முன்னுதித்த நங்கையை நினைத்துக் காதில் 'மு'வில் தொடங்கும் முழுப் பேரையும் சொல்லிவிட்டு, பதிவில் நங்கை என்று போட்டுவிடலாம். அம்மாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள், மறுக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.